நிரந்தரமாக மூடப்பட்ட கேக் கடை

அறந்தாங்கிப் பக்கம் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் பாதி வீடுகளில் அப்பா இருக்க மாட்டார். குவைத்திலோ தம்மாமிலோ மஸ்கட்டிலோ இருப்பார். சிவரஞ்சனியின் கேக் கடை ஓடியதே அந்த அப்பாக்களால்தான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஆண்டியப்பனின் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒற்றை ஷட்டர். மேலே ‘ரஞ்சனி கேக்ஸ்’ என்று ரோஸ் நிறத்தில் போர்டு. பின்பக்கம் ஓவன், முன்பக்கம் கண்ணாடிப் பெட்டி, அவ்வளவுதான் கடை. அங்கிட்டு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் போனில் ‘அறந்தாங்கி கேக்’ என்று தேடுவார்கள். இவள் கடை வரும். வாட்ஸ்அப்பில் பிள்ளையின் பெயரும் வயதும் அனுப்புவார்கள். சாயங்காலம் அவள் புருஷன் முத்துராஜ் ஸ்கூட்டரில் கேக்கை எடுத்துக்கொண்டு போவான். கொடுத்துவிட்டு உடனே திரும்ப மாட்டான். வீடியோ காலில் அப்பாவைக் கூப்பிட்டு, பிள்ளை கேக் வெட்டி முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான். முத்துராஜும் ஷார்ஜாவில் டிரைவராக இருந்தவன். தன் மகளின் முதல் மூன்று பிறந்தநாளையும் போனில் பார்த்தவன். அதனால் எந்த நேரத்தில் போனைப் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த கடையில் பங்குனி முடியும்போது ஆர்டர் குறைந்தது. சித்திரையில் அநேகமாக நின்றேபோனது. தெருவில் போகிற வருகிறவர்கள் வாங்குவது மட்டும் மாறவில்லை. வெளிநாட்டுச் சத்தமே இல்லை.

சிவரஞ்சனி முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். வெண்ணெயை மாற்றிப் பார்த்தாள். வெனிலா எசன்ஸை மாற்றினாள். ஜெராக்ஸ் கடைப் பெண்ணுக்கும் ஆண்டியப்பனுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து, மனசில் பட்டதைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த நாளும் துண்டு கேட்டு ஆண்டியப்பன் வந்து நின்றதில் அது பொய்யில்லை என்று தெரிந்தது. முத்துராஜுக்கோ, பஸ் ஸ்டாண்டு எதிரில் கண்ணாடிக் கதவு போட்டு புதிதாக வந்த பேக்கரிமேல் சந்தேகம். ஒருநாள் தெரியாத ஆள்போல உள்ளே போய் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு வந்தான். தண்ணீர் இல்லாமல் இறங்கவில்லை, அதற்காக நம்மை விட்டு ஒருத்தனும் போயிருக்க மாட்டான் என்று சொன்னான். ஆனாலும் ஆர்டர் வரவில்லை.

அப்படி ஒரு காலையில், அவள் கிரீம் அடித்துக்கொண்டிருந்தபோது வெளிநாட்டு நம்பரிலிருந்து போன் வந்தது. தம்மாமிலிருந்து அழகுமலை. நாகுடிப் பக்கத்துக்காரன், போன வருடம் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்குக் கேக் வாங்கியவன். குரல் ரொம்பவும் தணிந்திருந்தது. சிவரஞ்சனி அக்கா வீடுதானா என்று கேட்டான்.

“நான்தாங்க பேசுறேன்.”

அவன் இன்னும் தணிந்த குரலில் கேட்டான்.

“அக்கா… நீங்க நல்லாருக்கீங்களா?”

நன்றாகத்தான் இருக்கிறேன், எனக்கென்ன என்று கேட்ட பிறகுதான் அவன் மெல்ல விஷயத்தைச் சொன்னான். அவர்கள் ரூமில் ஒன்பது பேர். கறம்பக்குடிப் பையன் செம்மல் என்று ஒருவன், தங்கச்சிக்குக் கேக் அனுப்ப இவள் கடையைத் தேடியிருக்கிறான். ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. அதைச் சத்தமாகப் படித்தான். நன்றாக ஓடுகிற கடையை யாராவது சும்மா மூடுவார்களா, அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஒருவர் சொல்ல, நெஞ்சுவலியாகத்தான் இருக்கும் என்று இன்னொருவர் சொல்ல, சோறு பொங்கி இறக்குவதற்குள் ஒன்பது பேரும் அதை நம்பிவிட்டார்கள். பக்கத்து ரூம்களுக்கும் சொல்லிவிட்டார்கள்.

“வெள்ளிக்கிழமதான் எங்களுக்குக் கறி எடுக்கிற நாளு. அன்னிக்கி எடுக்கலக்கா. ரசம் மட்டும் வச்சு சாப்ட்டோம்.”

சிவரஞ்சனிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. உள்ளே வந்த முத்துராஜ் அதைப் பார்த்து, யாருக்கோ என்னவோ என்று பதறிப்போனான். நான்தான் செத்துப்போயிட்டேனாம் என்று அவனிடம் சொல்லிவிட்டு மறுபடி சிரித்தாள். மூடின கடை என்று தெரிந்தும் ஏன் போன் போட்டாய் என்று அழகுமலையைக் கேட்டாள். நாளை மறுநாள் மகளுக்கு ஏழு வயது ஆகிறது, அவள் போன வருடத்துக் கேக்கையே கேட்கிறாள், நம்பர் இருக்கிறதே, ஒருதரம் அடித்துப் பார்ப்போம் என்று நினைத்தானாம்.

நாளை மறுநாள் அந்தக் கேக் நாகுடிக்குப் போனது. அன்றைக்கு முத்துராஜோடு அவளும் போனாள். தம்மாம் ரூமில் ஒன்பது முகங்களும் ஒரே போனுக்குள் முண்டிக்கொண்டு தெரிந்தன. பிள்ளை கேக் வெட்டுவதைப் பார்த்ததைவிட, அக்கா உயிரோடு இருப்பதைத்தான் அவர்கள் அதிகமாகப் பார்த்தார்கள்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. உயிரோடு இருக்கிற கடையை மூடியாச்சு என்று எழுதியது யார்? போன் மேப்பில் வரும் அந்தக் கடைப் பக்கத்தை அவள் போட்டிருக்கவில்லை. எப்போதோ ஒரு வாடிக்கையாளர் அன்பாகப் போட்டுக் கொடுத்தது. தேடிவந்து கூப்பிட்டார்களே ஒழிய, அவள் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது திறந்தாள். சிவப்பு எழுத்து இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு படம்: இறக்கிவிட்ட ஷட்டர், அவள் கடை ஷட்டர்தான். படத்தைப் போட்டவர் பெயர் எஸ். ஆரோக்கியதாஸ். மூன்று நட்சத்திரம் கொடுத்து இப்படி எழுதியிருந்தார்:

‘பதினோரு முறை வந்தேன். பதினோரு முறையும் மூடியிருந்தது. நிழல் நன்றாக உள்ளது.’

முத்துராஜ் அதை இரண்டு தடவை படித்தான். இது யாராவது எதிரி வேலை என்றால் நிழலுக்கு எதற்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறான் என்று கேட்டான். அவள் ‘திறந்திருக்கிறது’ என்று தானே திருத்தி அனுப்பினாள். பரிசீலனையில் இருக்கிறது என்று வந்தது. இரண்டு நாள் கழித்து, ஏற்கப்படவில்லை என்று வந்தது. கடைக்காரி கடைக்குள் நின்றுகொண்டு, கடை திறந்திருக்கிறது என்று சொன்னதை நம்ப ஆளில்லை. ஆரோக்கியதாஸ் சொன்னதைத்தான் நம்பினார்கள்.

ஆளைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. ஆண்டியப்பனிடம் பெயரைச் சொன்னதுமே, நம்ம டைம்கீப்பர் சார் என்றார். பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருடம் பஸ்களுக்கு நேரம் பார்த்து விசிலடித்து நிறுத்தியும் அனுப்பியும் வந்தவர், ரிட்டயராகி மூன்று வருடம் ஆகிறது, சர்ச்சுக்குப் பின்னால் வீடு என்றார்.

ஒரு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று சிவரஞ்சனி கையில் ஒட்டியிருந்த மாவோடு கிளம்பினாள். முத்துராஜ் பின்னாலேயே போனான். கதவைத் திறந்தவர் ஒல்லியாக, சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு இருந்தார். யார் என்று கேட்பதற்கு முன்னால் உட்காரச் சொல்லி, இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்குப் புரியவில்லை. போனைத் திறந்து அவர்முன் நீட்டினாள்.

“சார், இத எழுதுனது நீங்கதானா?”

அவர் கண்ணாடி போட்டுப் படித்தார். நான்தான் என்று உடனே சொன்னார். உள்ளே போய் ஒரு சின்ன டைரியை எடுத்துவந்தார். பதினோரு தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம்: 2.05, 2.04, 2.05. தினமும் சாப்பிட்டுவிட்டு நூலகத்துக்கு நடப்பது அவர் வழக்கம். வெயில் தாங்காமல் அவள் கடை ஷட்டருக்கு மேலே நீண்டிருக்கும் தகரத்தின் கீழ் ஐந்து நிமிடம் நிற்பார். அப்போதெல்லாம் போன் அவரைக் கேட்டிருக்கிறது, நீங்கள் இருக்கும் இந்தக் கடை திறந்திருக்கிறதா என்று. ஒருநாள் பார்த்து எதையும் சொல்லக்கூடாது என்று அவர் பத்து நாள் பதில் சொல்லவில்லை. பதினோராவது நாளும் மூடியிருந்ததால், நிரந்தரமாக மூடப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டார்.

“நாங்க மத்தியானம் ஒரு மணிக்குச் சாத்திட்டு நாலு மணிக்குத் தொறப்போம் சார்” என்றாள் சிவரஞ்சனி. “காலைல அஞ்சு மணிலேருந்து நிக்கிறேன். அந்த மூணு மணி நேரந்தான் முதுகு சாயிறது.”

ஆரோக்கியதாஸ் டைரியையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு மணிக்கு அவர் திரும்பி வருவது வேறு தெரு வழியாக. அந்த ஷட்டர் தூக்கியிருந்து அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. முகம் சுருங்கிவிட்டது.

“அப்ப நான் பொய் எழுதிட்டனாம்மா?”

அவள் கோபம் எல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. ரிட்டயரான பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை போல, போன் ஒன்றுதான் கேட்டிருக்கிறது, அதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். சரி, இப்போதே திறந்திருக்கிறது என்று மாற்றிவிடுங்கள் சார் என்றான் முத்துராஜ். அவர் தலையாட்டவில்லை. முழுசாகப் பார்க்காமல் எழுதியதால் வந்த தப்பு இது, இன்னொரு தரமும் பார்க்காமல் எழுத மாட்டேன் என்றார். நூலகத்துக்குப் போகும் நேரத்தை மாற்றிக்கொள்ளவும் அவருக்கு வராது. நாளைக்கு இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஷட்டர் திறந்திருக்குமா என்று கேட்டார்.

அப்படித்தான் மறுநாளிலிருந்து மத்தியானம் கடை திறந்திருந்தது. 2.05க்கு ஆரோக்கியதாஸ் வந்தார். தகரத்தின் கீழ் நின்று, கண்ணாடிப் பெட்டியையும், உள்ளே ஓவனையும், அதன்முன் நின்ற சிவரஞ்சனியையும் ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். படம் எடுத்தார். திறந்திருக்கிறது என்று போனில் சொன்னார். டைரியிலும் எழுதினார். சர்க்கரை இருக்கிறது என்று கேக்கை வாங்கவில்லை; ஒரு ரஸ்க் மட்டும் சாப்பிட்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஆனால் போன் முன்னே நம்பியதைப்போல இப்போது அவரை நம்பவில்லை. சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது.

கடைசியில் ஜெராக்ஸ் கடைப் பெண் சத்யபிரியாதான் வழியைப் படித்துச் சொன்னாள். கடை தன்னுடையதுதான் என்று உரிமையாளரே ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். தெரு தெரிய வேண்டும், பக்கத்துக் கடைகள் தெரிய வேண்டும், போர்டு தெரிய வேண்டும், பூட்டைத் திறந்து உள்ளே போய் வேலை செய்கிற சாமான்களைக் காட்ட வேண்டும். இது எல்லாம் இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துராஜ் எடுக்க ஆரம்பித்தான். தெருமுனையில் தொடங்கி சைக்கிள் கடையைத் தாண்டும்போது ஆண்டியப்பன் எழுந்து வந்து, என்னப்பா எடுக்கிறாய் என்று போனுக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி எடுத்தான், லோடு ஆட்டோ ஒன்று குறுக்கே வந்து போர்டை மறைத்துக்கொண்டு நின்றது. அடுத்த தடவை எல்லாம் சரியாக வந்து, சிவரஞ்சனி ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் அவன் மாமியார் போன் போட்டார், வீடியோ நின்றுபோனது. ஐந்தாவது தடவைக்குள் செய்தி பரவி, தெருவே தலை சீவிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டு கல்யாண வீட்டுக்காரர்கள் பத்திரிகையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போதுதான் ஆரோக்கியதாஸ் வந்தார், சர்ச்சிலிருந்து நேராக. என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டார். எவ்வளவு நேரம் தேவை என்று கேட்டார். இரண்டு நிமிடம் போதும் என்றான் முத்துராஜ். அவர் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது கழுத்தில் விசில் தொங்கியது.

சந்து மெயின் ரோட்டைத் தொடுகிற இடத்தில் போய் நின்றார். கையைத் தூக்கி ஒரு நீள விசில் அடித்தார். சந்துக்குள் திரும்ப வந்த மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஆட்டோ நின்றது. அவர் நினைக்காத ஒன்றும் நடந்தது: மெயின் ரோட்டில் போன டவுன் பஸ் சடக்கென்று பிரேக் போட்டு நின்றது. வருடக்கணக்கில் அந்த விசிலுக்கு நின்ற கால், டிரைவரைக் கேட்காமலே மிதித்துவிட்டது. ஜன்னலில் தலையை நீட்டி, சார், நீங்கள் ரிட்டயர் ஆகவில்லையா என்று டிரைவர் கேட்டார். இரண்டு நிமிடம் இரு என்று ஆரோக்கியதாஸ் விரலைக் காட்டினார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

சந்து நிசப்தமானது. முத்துராஜ் மெதுவாக நடந்தான். சைக்கிள் கடையில் ஆண்டியப்பன் போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல விறைத்து உட்கார்ந்திருந்தார். போர்டு வந்தது. சிவரஞ்சனி குனிந்து பூட்டைத் திறந்து, இரண்டு கையாலும் ஷட்டரைத் தூக்கினாள். அந்தக் கடகட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. உள்ளே போய் ஓவனைக் காட்டினாள், கிரீம் மெஷினைக் காட்டினாள், அளவு தட்டுகளைக் காட்டினாள். பேச வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அவள் போனைப் பார்த்து, “இது என் கடைங்க. நான்தான் ரஞ்சனி. நாங்க மூடல” என்றாள். முத்துராஜ் பொத்தானை அழுத்தினான். விசில் ஒரு தரம் குட்டையாக ஒலித்தது. பஸ் கிளம்பியது. தெருவில் யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் அங்கேயே பத்திரிகையை வைத்து, வரவேற்புக்குக் கேக் சொல்லிவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் காலை சத்யபிரியா ஓடிவந்து போனைக் காட்டினாள். சிவப்பு எழுத்தைக் காணவில்லை. ‘திறந்துள்ளது’ என்று பச்சையில் இருந்தது. சிவரஞ்சனி அதை ஒரு படம் பிடித்துத் தம்மாமுக்கு அனுப்பினாள். அந்த வெள்ளிக்கிழமை ரூமில் இரண்டு மடங்கு கறி எடுத்ததாக அழகுமலை எழுதினான். ஆரோக்கியதாஸ் தன் பழைய வரியை அழித்துவிட்டு, பார்த்தது பார்த்தபடி புதிதாக எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். இனிமேல் போன் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வதில்லை, கடைக்காரரைக் கேட்காமல் சொல்வதே இல்லை என்று அவளிடம் சொன்னார். அதற்காக அவர் இப்போது தெருவில் ஒவ்வொரு கடையிலும் ஏறி, எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், எத்தனை மணிக்குச் சாத்துவீர்கள் என்று கேட்டு டைரியில் எழுத ஆரம்பித்திருந்தார். கடைக்காரர்கள் அவருக்காகவே நேரத்தோடு திறந்தார்கள்.

மத்தியானக் கடையைச் சிவரஞ்சனி மறுபடி சாத்தவில்லை. அவருக்காக இரண்டு மணிக்குத் திறந்து வைத்த நாட்களில், ஜெராக்ஸ் கடை மாடியில் டைப்ரைட்டிங் படிக்கிற பெண்கள் கூட்டமாக இறங்கி வருவதைக் கண்டுபிடித்திருந்தாள். அதனால் முதுகு சாய்க்கிற நேரத்தைப் பதினொன்றரைக்கு மாற்றிக்கொண்டாள்.

வைகாசி தொடங்கி சில நாளில் மஸ்கட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். பெயர் பெரியகருப்பன். ஊர் கறம்பக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பிறந்தநாள் இல்லை என்றும், மனைவி பிரகதாம்பாள் முப்பத்தாறு வயதில் பிரைவேட்டாகப் பத்தாம் வகுப்பு எழுதி பாஸ் செய்திருக்கிறாள் என்றும் எழுதியிருந்தார். இரண்டு தடவை கணக்கில் போய்விட்டதாம், இந்தத் தடவை ஐம்பத்தெட்டு. அந்த ஐம்பத்தெட்டைக் கேக்கில் பெரிதாக எழுத வேண்டும். அவ்வளவு தூரம் வருவீர்களா என்று கடைசியில் கேட்டிருந்தார்.

அவ்வளவு தூரம் அவர்கள் போனதில்லை. ஸ்கூட்டரில் போனால் கிரீம் குலுங்கிவிடும் என்றான் முத்துராஜ். சிவரஞ்சனி கடையைச் சத்யபிரியாவிடம் விட்டுவிட்டு, கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் அவனோடு கிளம்பினாள். குழியில் பஸ் இறங்கும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிரகதாம்பாள் வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். கேக் என்றதும், நீங்கள் வீடு மாறி வந்துவிட்டீர்கள், இங்கே யாருக்கும் பிறந்தநாள் இல்லை என்றாள். பெட்டியைத் திறந்து காட்டியபோது அப்படியே நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அவள் மகனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். முத்துராஜ் போனைப் பிடித்தான். மஸ்கட்டில் பெரியகருப்பன் தலையில் வேலைத் தொப்பியோடு தெரிந்தார். கேக்கில் என்ன எழுதியிருக்கிறது, சத்தமாகப் படி என்று மட்டும் சொன்னார்.

“பிரகதாம்பாள் பாஸ்” என்று அவள் எழுத்துக்கூட்டாமல் படித்தாள். “கணக்கு அம்பத்தெட்டு.”

பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி குலவையிட்டாள். அவள் கத்தியை எடுத்து, ஐம்பத்தெட்டின்மேல் படாமல் ஓரமாகப் பார்த்து வெட்டினாள். முதல் துண்டைப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு, அடுத்த துண்டைச் சிவரஞ்சனியின் வாயில் வைத்தாள். தான் செய்த கேக்கைப் பிறர் கையால் அவள் சாப்பிட்டதே அன்றைக்குத்தான்.

பெரியகருப்பன் அதோடு விடவில்லை. அடுத்துப் பிளஸ் டூவுக்குக் கட்டிவிடு, அதற்கு இதைவிடப் பெரிய கேக்காகச் சொல்கிறேன் என்றார்.

பிரகதாம்பாள் விரலில் ஒட்டியிருந்த கிரீமைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “மொதல்ல இத நிம்மதியாத் திங்க விடுங்க.”